தேர்வோர் கண்ணும் தேர்வுக்குரியதே

கண் காண்கின்றது, அதன் பின்னரே உள்ளம் முடிவு செய்கின்றது என்று நாம் எண்ணியிருக்கின்றோம். பலகாலும் நடப்பது இதற்கு நேர் மறுதலையானது. உள்ளம் முன்னரே முடிவு செய்துவிடுகின்றது. கண்ணோ அம்முடிவுக்குச் சான்று தேடிக் கொணரும் ஏவலாள் ஆகிவிடுகின்றது. இவ்வோர் உண்மையை உணராமையால் நம் அலுவலகங்களிலும் தொழிற்கூடங்களிலும் கல்விக்கூடங்களிலும் நாள்தோறும் நிகழும் முறைகேடுகள் பலவாம்.

அவற்றுள் ஒரு பெரும்பகுதி தீயவர் செய்வதன்று. கையூட்டுப் பெற்றவர் செய்வதுமன்று. தம்மை நடுநிலையாளர் என்று மெய்யாகவே நம்பியிருக்கும் நல்லவர் செய்வது. தீயவன் செய்யும் கேட்டை எதிர்த்துப் போராடலாம். அவனைச் சட்டத்தின் முன் நிறுத்தலாம். நல்லவன் தன்னையறியாமல் செய்யும் கேட்டை யார் எதிர்ப்பது? செய்தவனும் அதனை அறியான். அதனால் வீழ்ந்தவனும் அறியான். 'நமக்குத் தகுதி போதவில்லை போலும்' என்று தலை கவிழ்ந்து வீழ்ந்தவன் வீடு திரும்பி விடுகின்றான். அவனோடு அவன் தம்பியும் தங்கையும் அவன் ஊரும் அம்முடிவை நம்பி விடுகின்றனர். கேட்டினுட் பெருங்கேடு இதுவே.

ஒருவரைப் பணியில் அமர்த்துவதும், அமர்ந்தவரை உயர்த்துவதும், உயர்ந்தவரை விலக்குவதும் சிறு செயல்கள் அல்ல. ஒரு கையெழுத்தால் ஒரு வீட்டில் உலை ஏறுகின்றது. இன்னொரு கையெழுத்தால் வேறொரு வீட்டில் உலை இறங்குகின்றது. இத்துணை வலிய கையெழுத்தை இடுவோர்க்கு நல்ல நெஞ்சம் ஒன்றே போதுமா? போதாது, நல்ல முறையும் வேண்டும். நெஞ்சத்தை நம்பி முறையைக் கைவிட்டவிடத்தில் நடுநிலைமை நிற்பதில்லை.

ஒளிவட்ட மயக்கம்

1920ஆம் ஆண்டு, எட்வர்டு தார்ண்டைக்கு என்னும் அமெரிக்க உளவியல் அறிஞர் ஓர் ஆய்வினை வெளியிட்டார். படைத்தலைவர்கள் தம் கீழ்ப் பணிபுரிந்த வீரர்க்கு அளித்த மதிப்பீடுகளை அவர் எடுத்துக் கொண்டார். உடற்கட்டு, அறிவு, தலைமை, ஒழுக்கம் என ஒவ்வொன்றையும் தனித்தனியே மதிப்பிடுமாறு அத்தலைவர்கள் கேட்கப்பட்டிருந்தனர். ஆயின் அவர்கள் தனித்தனியே மதிப்பிடவில்லை. எவனுடைய உடற்கட்டு நன்றென்று எழுதினரோ, அவனுடைய அறிவும் நன்று, ஒழுக்கமும் நன்று, தலைமையும் நன்று என்றே பெரும்பாலும் எழுதியிருந்தனர். நிமிர்ந்து நிற்பவன் நேர்மையாளனும் ஆவான் என்பதற்கு உலகில் யாதொரு சான்றும் இல்லை. ஆயினும் ஒரு பண்பின் ஒளி மற்றெல்லாப் பண்புகளின் மேலும் படர்ந்துவிட்டது. இதனை ஒளிவட்ட மயக்கம் என்று நாம் அழைக்கலாம்.

படைவீரர்க்கு உடற்கட்டு எதுவோ, நம் நாட்டு நேர்காணல் அறையில் ஆங்கிலம் அது. வாயில் ஆங்கிலம் வழுக்கிக் கொண்டு வருமாயின், அவனுக்குக் கணக்கும் வரும், பொறியும் வரும், பொறுப்பும் வரும் என்று கொள்ளப்படுகின்றது. ஆங்கிலம் தடுமாறுமாயின், அவன் படித்த பத்தாண்டுப் படிப்பும் உடன் தடுமாறியதாகக் கொள்ளப்படுகின்றது.

இது நம் மனக்குறையால் எழுந்த கற்பனை அன்று. சிக்காகோப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த சிரி இலெவ்-ஆரி, போவாசு கெய்சார் என்னும் இருவர் 2010இல் வெளியிட்ட ஆய்வொன்று உண்டு. 'ஒட்டகத்தினும் ஒட்டகச்சிவிங்கி நீரின்றி நெடுநாள் வாழும்' என்பது போன்ற சிறுசிறு செய்திகளை ஆங்கிலத்தைத் தாய்மொழியாக உடையோரையும், வேற்றுமொழிச் சாயலோடு ஆங்கிலம் பேசுவோரையும் சொல்லச் செய்தனர். செய்தி பேசுவோருடையது அன்று; பிறர் எழுதித் தந்ததையே அவர்கள் படிக்கின்றனர் என்பதும் கேட்போர்க்குச் சொல்லப்பட்டிருந்தது. அங்ஙனமிருந்தும், வேற்றொலியோடு சொல்லப்பட்ட செய்தியைக் கேட்போர் குறைவாகவே நம்பினர். காதுக்குச் சற்று உழைப்பு மிகுந்தது. அவ்வுழைப்பின் அயர்வை உள்ளம் ஐயமாக மாற்றிக் கொண்டது. கேட்கக் கடினமானது பொய்யெனத் தோன்றியது.

அவ்வாய்வில் இன்னொன்றும் உண்டு. அதுவே நாம் சிறப்பாகக் கருதத்தக்கது. கேட்போர் சிலர்க்கு, 'ஒலி வேறுபாட்டால் உங்கள் மதிப்பீடு மாறக்கூடும்' என்று முன்னரே உணர்த்திப் பார்த்தனர். ஒலி வேறுபாடு மெல்லிதாக இருந்தவிடத்து அவர்கள் தம்மைத் திருத்திக் கொண்டனர். வேறுபாடு மிக்கிருந்தவிடத்தோ, உணர்ந்திருந்தும் திருத்திக் கொள்ள இயலவில்லை. 'எனக்கு இது தெரியும். ஆகலின் நான் ஏமாற மாட்டேன்' என்பார்க்கு இதுவே விடை. மயக்கத்தை அறிந்திருத்தல் வேறு. மயக்கத்தினின்று நீங்குதல் வேறு.

தமிழ்வழியிற் படித்து, பொறியியலில் நல்ல மதிப்பெண் பெற்று, முதன்முறையாகக் குளிரூட்டிய அறைக்குள் நுழையும் இளைஞனை எண்ணிப் பாருங்கள். வினா ஆங்கிலத்தில் வருகின்றது. விடை அவனுக்குத் தெரியும், தமிழில் தெரியும். அதனை ஆங்கிலத்தில் அடுக்கிக் கொள்ளும் இடைவெளியில் அவன் இமை தாழ்கின்றது, கை பிசைகின்றது. எதிரில் இருப்பவர் தாளில் 'தன்னம்பிக்கை குறைவு' என்று எழுதுகின்றார். அவர் கண்டது மொழிபெயர்ப்பின் உழைப்பு; எழுதியது பண்பின் குறை. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள பிழையில்தான் ஒருவனுடைய வாழ்வு நழுவி விழுகின்றது. தமிழ்வழியிற் கற்றோர்க்கு அரசுப் பணியில் 20 விழுக்காடு முன்னுரிமை தரும் சட்டத்தைத் தமிழ்நாடு 2010இல் இயற்றியது. அச்சட்டம் அரசின் வாயிலைச் சற்றே திறந்தது. தனியார் வாயிலில் அதற்கு வேலையில்லை.

பெயரே பகையாதல்

ஆளைப் பார்த்துத்தான் மயங்குகின்றார்கள் என்று கருத வேண்டா. ஆளைக் காணாமல், தாளில் பெயரைக் கண்ட அளவிலேயே மயங்குவாரும் உளர்.

அமெரிக்காவில் போசுட்டன், சிக்காகோ ஆகிய இரு நகரங்களில் மரியான் பெர்த்திராண்டு, செந்தில் முல்லைநாதன் என்னும் இரு பொருளியல் அறிஞர்கள் ஏறத்தாழ 5,000 வேண்டுகை மடல்களைப் பல நிறுவனங்களுக்கு விடுத்தனர். மடல்களில் மாறியது பெயர் ஒன்றே. வெள்ளையர்க்குரிய பெயர் தாங்கியவற்றுக்குப் பத்து மடலுக்கு ஓர் அழைப்பு வந்தது. கருப்பினத்தார்க்குரிய பெயர் தாங்கியவற்றுக்கோ பதினைந்து மடலுக்கு ஓர் அழைப்பே வந்தது. 2004இல் இவ்வாய்வு வெளியாயிற்று.

இந்தியாவின் நிலை இதனினும் இழிவானது. சுகதேவ் தோரட், பால் அட்டவெல் என்னும் இருவர் 2007இல் வெளியிட்ட ஆய்வில், ஆங்கிலச் செய்தித்தாள்களில் வந்த 548 பணி விளம்பரங்களுக்கு 4,808 மடல்கள் விடுக்கப்பட்டன. கல்வித் தகுதி ஒன்றே. பெயர் மட்டும் வேறு. மேற்சாதி எனத் தம்மை உயர்த்திக் கொண்டோர் பெயரை நோக்க, ஒடுக்கப்பட்ட மக்களின் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பு மூன்றில் இரண்டு பங்கே. முசுலிம் பெயருக்கு மூன்றில் ஒரு பங்கே. இந்நிறுவனங்கள் 'தகுதி ஒன்றே எங்கள் அளவுகோல்' என்று அறைகூவும் தனியார் நிறுவனங்கள். அளவுகோல் பொய் சொல்லவில்லை எனின், அதைப் பிடித்த கை பொய் சொல்லியிருத்தல் வேண்டும்.

1929இல் செங்கற்பட்டில் கூடிய தன்மான இயக்கத்தின் முதல் மாநில மாநாடு, பெயருக்குப் பின்னால் தொங்கும் சாதி வாலை அறுத்தெறியுமாறு தீர்மானம் செய்தது. அதனை வெறும் உணர்ச்சிச் செயலென்று ஏளனம் செய்தோர் உண்டு. இன்று நோக்கின், அதன் நுட்பம் விளங்கும். தேர்வோர் கண்ணில் படக்கூடாத செய்தியைத் தாளிலிருந்தே நீக்கிவிடுதல் என்பது உளவியல் அறிஞர் பிற்காலத்தே கண்ட மருந்து. அம்மருந்தை ஒரு முழு மக்களினத்துக்கும் வழங்க முனைந்த பெருமை தமிழ்நாட்டுக்கு உண்டு. நோய் முற்றும் நீங்கிவிட்டதென்று சொல்ல வரவில்லை. பெயரில் வால் இல்லையெனின், ஊரைக் கேட்பார். தந்தை தொழிலைக் கேட்பார். குலதெய்வம் கேட்பாரும் உளர். ஆயினும் முதற்பார்வையின் கூரை முறித்ததே பெருஞ்செயலாகும்.

மதுரையில் தவறிய தீர்ப்பு

ஒரு தவறான முடிவு எவ்வாறு உருக்கொள்கின்றது என்பதைச் சிலப்பதிகாரம்போல் தெளிவாகக் காட்டிய நூல் அரிது. அரசி ஊடித் தலைநோவென்று சொல்லி அகன்றிருக்கின்றாள். அவளைத் தணிக்கப் பாண்டியன் விரைந்து செல்லும் வழியில் பொற்கொல்லன் வந்து வீழ்ந்து, சிலம்பு திருடிய கள்வன் அகப்பட்டான் என்கின்றான். நடந்தபடியே முடிவு பிறந்துவிடுகின்றது.

அம்முடிவில் எத்தனை பிழைகள் கூடின என்று எண்ணுங்கள். அரசன் உள்ளம் வேறோரிடத்தில் இருந்தது. முடிவுக்குரிய பொருளின் மேல் இல்லை. சான்று சொன்னவன் ஒருவனே. அவனும் அச்சிலம்பைத் திருடிய கள்வன் தானேயாகலின், தன்னலம் உடையவன். குற்றம் சாட்டப்பட்டவனை அழைத்து ஒரு சொல் கேட்கவில்லை. தேடிக் கொண்டிருந்த பொருள் சிலம்பு; சொல்லப்பட்ட பொருளும் சிலம்பு; ஆகவே 'அதுவே இது' என்று உள்ளம் தாவிற்று. கொல்லச் சென்ற காவலர், கோவலனைக் கண்டு இவன் கள்வன் அல்லன் என்று ஐயுற்றனர். அவர் தோற்றங் கண்டு சொன்னதும் முழுச்சான்று ஆகாதுதான். எனினும் ஐயம் எழுந்தவிடத்து நின்று ஆய்ந்திருக்க வேண்டும். பொற்கொல்லனோ களவு நூல் கூறும் சூழ்ச்சிகளையெல்லாம் அடுக்கிப் பேசி அவர் வாயை அடைத்தான். கல்லாத ஒருவன் வாளை வீசினான்.

கண்ணகி செய்தது யாது? சிலம்பை உடைத்துக் காட்டினாள். உள்ளிருந்தது முத்தா, மாணிக்கமா என்னும் வினா ஒன்றே வழக்கை முடித்தது. அவ்வினாவைக் கேட்க ஒரு நொடி போதும். அந்த ஒரு நொடியைச் செலவிட மனமில்லாமையால் கோவலன் மாண்டான், அரசன் மாண்டான், மதுரை எரிந்தது.

இன்றைய பணியிடங்களில் வாள் இல்லை. மற்றவை அனைத்தும் உள்ளன. நடந்தபடியே முடிவெடுக்கும் மேலாளர் உள்ளார். மேலாளர் காதருகே நிற்கும் ஒற்றைச் சான்றாளர் உள்ளார். 'ஐயா, இவர் அப்படிப்பட்டவரல்லரே' என்று சொல்ல வாயெடுத்து, கற்றார்போற் பேசுவோர் முன் அடங்கிவிடும் கீழலுவலர் உள்ளார். வேண்டியவர் காலந்தாழ்ந்து வந்தால் சாலையில் நெரிசல். வேண்டாதவர் காலந்தாழ்ந்து வந்தால் சோம்பல். வேண்டியவர் பிழை செய்தால் பணிச்சுமை. வேண்டாதவர் செய்தால் திறமைக் குறை. ஆண்டு இறுதியில் இவையெல்லாம் கூடி 'மதிப்பீடு' என்னும் பெயரோடு ஒரு கோப்பில் ஏறுகின்றன. கோப்பில் ஏறியதும் அதற்கு உண்மையின் உருவம் வந்துவிடுகின்றது.

'என் பட்டறிவு பொய்க்காது' என்பார்க்கு

'முப்பதாண்டுகளாக ஆளெடுத்து வருகின்றேன். அறைக்குள் நுழையும்போதே ஆளை எடை போட்டுவிடுவேன்' என்று பெருமை பேசுவார் பலர். பட்டறிவை நாம் இகழவில்லை. ஆயின் பட்டறிவு எவ்விடத்து வளரும், எவ்விடத்து வளராது என்பதை அறிதல் வேண்டும். உழவன் விதையைத் தேர்கின்றான், விதைக்கின்றான், நிலம் அவனுக்கு விடை சொல்கின்றது. தவறாகத் தேர்ந்திருப்பின் அடுத்த பருவத்தில் திருந்துகின்றான். அவன் பட்டறிவு மெய்யான பட்டறிவு.

ஆளெடுப்பவர்க்கு அவ்விடை முழுதும் கிடைப்பதில்லை. அவர் ஏற்றுக் கொண்டவர் நன்றாகப் பணியாற்றினால் 'பார்த்தீரா, என் கண் பொய்க்கவில்லை' என்கின்றார். அவர் தள்ளியவர் எவ்வாறு பணியாற்றியிருப்பார் என்பதை அவர் என்றும் காணப்போவதில்லை. விதைக்காத விதை விளைவதில்லை. விளையாமை விதையின் குற்றமென்று சொல்வார் உண்டோ? தள்ளப்பட்டவரைப் பற்றிய தவறுகள் யாவும் இருளில் மறைந்துவிட, ஏற்கப்பட்டவரைப் பற்றிய வெற்றிகள் மட்டும் வெளிச்சத்தில் நிற்கின்றன. முப்பதாண்டுப் பட்டறிவு என்பது சிலரிடத்தில் ஒரே தவற்றை முப்பதாண்டு செய்ததாகவும் இருக்கலாம்.

திரையும் தாளும்

மருந்து உண்டா எனின், உண்டு. அது அறிவுரையன்று, ஒழுங்குமுறை.

அமெரிக்கப் பெருநகர்களின் இசைக்குழுக்கள் இசைஞரைத் தேர்ந்தெடுக்கும்போது, 1970களில் தொடங்கி ஒரு புதுமுறையைப் படிப்படியாக மேற்கொண்டன. வாசிப்போர்க்கும் தேர்வோர்க்கும் இடையே ஒரு திரை. வருபவர் ஆணா பெண்ணா என்பது தெரியாது. நடையின் ஒலிகூடக் காட்டிக் கொடாதவாறு சில இடங்களில் தரையில் கம்பளம் விரித்தனர். 1970இல் அந்நாட்டின் முதல் ஐந்து இசைக்குழுக்களில் பெண்கள் நூற்றுக்கு ஐவருக்கும் குறைவு; அந்நூற்றாண்டின் இறுதியில் நூற்றுக்கு இருபத்தைவர். 2000ஆம் ஆண்டில் கிளாடியா கோல்டின், செசிலியா இரௌசு என்னும் இரு பொருளியல் அறிஞர்கள் இதனை ஆய்ந்து, அவ்வளர்ச்சியில் திரைக்கும் பங்குண்டு என்று எழுதினர். வளர்ச்சிக்கு வேறு கரணியங்களும் உண்டு. திரையின் பங்கு எவ்வளவு என்பதில் பின்வந்தோர் மாறுபட்டும் உள்ளனர். ஆயினும் திரை கற்பிக்கும் பாடம் எளியது. இசையைத் தேர வந்தவர்க்குக் காது போதும்; கண் எதற்கு?

எல்லாப் பணிக்கும் திரையிட இயலாது. இயலாதவிடத்து என் செய்வது? 1955இல் இசுரேல் நாட்டுப் படையில் இருபத்தோர் அகவை இளைஞராய் இருந்த தானியேல் கானமன் ஒரு வழி கண்டார். 2002இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்று, 2024இல் மறைந்த அறிஞர் அவரே. அந்நாளில் புதிய வீரரைப் பதினைந்து இருபது மணித்துளி பேசவைத்து, தமக்குத் தோன்றிய பொதுக்கருத்தை எழுதுவது வழக்கமாக இருந்தது. அது பயனற்றதென்று தெரிந்திருந்தது. கானமன் ஆறு பண்புகளை வரையறுத்தார். ஒவ்வொன்றுக்கும் அவ்வீரன் முன்பு என்ன செய்தான் என்பதை மட்டும் வினவ வேண்டும். ஒரு பண்புக்கு மதிப்பெண் இட்ட பின்னரே அடுத்த பண்புக்குச் செல்ல வேண்டும் என்றார். ஒன்றன் ஒளி மற்றொன்றின் மேல் படராதவாறு இடையிடையே அணையிட்டார் என்க. நேர்காண்போர் சினந்தனர், 'எம்மைப் பொறிகளாக்குகின்றீர்' என்று முணுமுணுத்தனர். அவர்க்கிரங்கி, ஆறும் முடிந்தபின் கண்ணை மூடி உள்ளத்துக்குத் தோன்றும் மதிப்பெண்ணையும் இடுக என்றார். முடிவு வியப்பானது. ஆறு பண்புகளின் கூட்டுத்தொகை பழைய முறையினும் மிகச் சிறந்ததாயிற்று. இறுதியில் கண்மூடி இட்ட மதிப்பெண்ணும் அதற்கிணையாகவே பயன் தந்தது.

இதன் பொருள், உள்ளுணர்வைக் கொல்லுக என்பதன்று. உள்ளுணர்வைக் காத்திருக்கச் செய்க என்பது. உண்மைகளை உண்டு செரித்தபின் பேசும் உள்ளுணர்வு அறிவு. உண்ணாமுன் பேசும் உள்ளுணர்வு பசி.

நம் நாட்டு முறைமன்றங்களும் நேர்காணலின் இவ்விடரை உணராமலில்லை. 1981இல் சிறிநகர்ப் பொறியியற் கல்லூரி மாணவர் சேர்க்கை வழக்கில், நேர்காணலுக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் ஒதுக்கியது நெறியற்றதென்று இந்திய உச்ச முறைமன்றம் தீர்ப்பளித்து, நூற்றுக்குப் பதினைந்துக்கு மேற்படலாகாது என்றது. 1985இல் அரியானா மாநில அரசுப்பணித் தேர்வு வழக்கில் பொதுப்பிரிவினர்க்கு அதனை 12.2 விழுக்காடாகக் குறைத்தது. நடுவண் அரசு தன் கீழ்நிலைப் பணிகளுக்கு நேர்காணலையே 2016 சனவரி முதல் நீக்கிவிட்டது. முகம் பார்த்து இடும் மதிப்பெண் மிகுமிடத்துச் சார்பும் மிகும் என்பதற்கு இவை சட்டம் கண்ட சான்றுகள்.

திருவள்ளுவர் தெரிந்து தெளிதல், தெரிந்து வினையாடல் என்னும் இரண்டு அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்தார். ஒருவரிடத்து நன்றும் தீதும் இரண்டையும் நாடி, மிக்கது கொண்டு மதிப்பிடுக என்றார். அவரவர் செயலையே உரைகல்லாகக் கொள்க என்றார். அன்பு பற்றி அறிவிலாரைத் தெளிதல் பேதைமை என்றார். அவற்றின் பின்னரே சுற்றந்தழால் என்னும் அதிகாரத்தை வைத்தார். உறவைத் தழுவுக, ஆயின் வினைக்குரியாரைத் தேர்ந்தபின் தழுவுக என்பது அவ்வைப்பு முறையில் நாம் காணத்தக்க குறிப்பாகும்.

குடம் நேர்மையானது, வாயில் நேர்மையானதா?

இனி, முறையொன்றை வகுத்துவிட்டால் எல்லாம் முடிந்துவிடுமா? அங்கும் ஒரு கண்ணி உண்டு.

காஞ்சிபுரத்தை அடுத்த உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் குடவோலை முறையைக் கூறுகின்றன. முப்பது குடும்புகளிலும் தகுதியுடையார் பெயரை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டுக் குலுக்கினர். ஒன்றும் அறியாச் சிறுவனைக் கொண்டு எடுப்பித்தனர். ஓலையை வாங்குபவன் ஐந்து விரலும் அகல விரித்து உள்ளங்கையில் ஏற்க வேண்டும்; விரலிடையே வேறோர் ஓலை மறைக்கலாகாது என்பது கருத்து. முன்பு பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாதவரும், அவர் நெருங்கிய உறவினரும் குடத்துள் புகலாகாது. அண்மை மூன்றாண்டுகளுக்குள் பொறுப்பு வகித்தவரும் புகலாகாது. கையின் கள்ளத்துக்கும் உறவின் சாய்வுக்கும் இத்துணை நுட்பமாக அணையிட்ட முறையை ஆயிரத்து நூறு ஆண்டுகட்கு முன்னரே தமிழ் மண் கண்டிருந்தது.

ஆயின் அதனை முழுதும் போற்றிவிட்டு நகர்ந்துவிடுதல் நேர்மையாகாது. குடத்துள் பெயர் புகுவதற்குரிய தகுதிகள் யாவை? வரி கட்டும் சொந்த நிலம் கால்வேலிக்கு மேல், சொந்த மனையில் வீடு, வரையறுத்த அகவை, அவற்றோடு ஆரிய மறையறிவு. உத்திரமேரூர் பார்ப்பனர்க்கு விடப்பட்ட சதுர்வேதிமங்கலம். அவையும் அவர்தம் அவை. நிலத்தை உழுதவன் பெயர் குடத்துள் புகவே இல்லை. குடம் நேர்மையானது, குடத்தின் வாயில் நேர்மையற்றது. சார்பை முறையினின்று விரட்டினால், அது தகுதி வரையறைக்குள் போய் ஒளிந்து கொள்கின்றது.

இன்றும் இதுவே நடக்கின்றது. பண்டங்களை அடுக்கும் பணிக்கும் 'ஆங்கிலத்தில் சரளமாகப் பேச வேண்டும்' என்று விளம்பரம் செய்கின்றனர். அப்பணியில் ஆங்கிலம் எவ்விடத்துத் தேவை என்று கேட்பார் இல்லை. வாயிலிலேயே பாதிப்பேரை நிறுத்திவிட்டு, உள்ளே நுழைந்தவர்களிடையே நடுநிலையோடு தேர்ந்தோம் என்கின்றனர்.

பொறியிடம் விட்டுவிட்டால் நடுநிலை வந்துவிடும் என்பாரும் உளர். அமேசான் நிறுவனம் 2014 முதல் வேண்டுகை மடல்களைத் தானே தரம்பிரிக்கும் கணினிச் செயற்கை அறிவொன்றை உருவாக்கியது. பத்தாண்டுக்கால மடல்களை அதற்குப் பாடமாக ஊட்டினர். அவற்றுள் பெரும்பாலானவை ஆண்களுடையவை. ஆகவே ஆண்மகனே சிறந்தவன் என்று அது கற்றுக் கொண்டது. மகளிர் என்னும் சொல் வந்த மடல்களைத் தாழ்த்தியது. தம் ஆளெடுப்போர் எவரும் அதனைக் கொண்டு முடிவெடுக்கவில்லை என்று அந்நிறுவனம் கூறியது, திட்டமும் கைவிடப்பட்டது. 2018இல் இச்செய்தி உலகறிய வெளிப்பட்டது. பொறிக்குச் சாதியில்லை, பாலில்லை, மொழிவெறுப்பில்லை. நாம் ஊட்டும் பழங்கணக்கில் இவையனைத்தும் உள்ளன. நேற்றைய சார்பை நாளைய சட்டமாக்கும் கருவியாகப் பொறி ஆகிவிடாதவாறு காத்தல் இக்காலத்துக் கடமையாகும்.

செய்யத்தக்கன

ஆகலின், பிறரைத் தேரும் பொறுப்பில் இருப்போர், சிறிய கடைக்கு உரிமையாளராயினும், பெரிய அலுவலகத்துத் தலைவராயினும், கீழ்க்கண்டவற்றைக் கைக்கொள்ள வேண்டும்.

ஆளைக் காணுமுன்னர், பணிக்கு எவை தேவை என்பதை எழுதி வைத்தல் வேண்டும். கண்டபின் எழுதப்படும் தகுதி, கண்ட ஆளுக்கேற்ப வளையும். பணிக்குத் தேவையற்ற எதுவும் தகுதிப் பட்டியலில் இருத்தலாகாது. பெயர், ஊர், பள்ளி முதலியவற்றை முதற்பார்வையில் மறைக்க இயலுமாயின் மறைத்தல் வேண்டும். எல்லாரிடத்தும் ஒரே வினாக்களைக் கேட்டு, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே மதிப்பெண் இடுதல் வேண்டும். தேர்வோர் பலராயின், தம்முள் பேசிக் கொள்ளுமுன் ஒவ்வொருவரும் தம் மதிப்பெண்ணைத் தாளில் எழுதிவிடல் வேண்டும். இல்லையேல் முதலிற் பேசும் பெரியவர் கருத்தே அனைவர் கருத்தும் ஆகிவிடும். இயலுமிடத்து ஒரு சிறு பணியைக் கொடுத்துச் செய்யச் சொல்லிப் பார்த்தல் வேண்டும். தச்சனைத் தேர உளியைக் கொடுக்காமல் உரையாடல் எதற்கு? மாற்றுக் கருத்தைச் சொல்லும் கடமையை ஒருவர்க்கு முன்னரே ஒப்படைத்தல் வேண்டும். தள்ளியவர்க்குக் கரணியத்தை எழுத்தில் சொல்லுதல் வேண்டும். எழுதக் கூசும் கரணியம் பெரும்பாலும் சார்பே ஆகும்.

இவை பிறர்க்கு மட்டும் சொல்லப்பட்டன அல்ல. தமிழுணர்வாளராகிய நமக்கும் உரியன. தூய தமிழ் பேசுவான் ஒருவன் நம் முன் வந்து நின்றால் நம் உள்ளம் குளிர்கின்றது, குளிர்தல் இயல்பு. ஆயின் அவன் மொழி தூயதாகலின் அவன் கணக்கும் தூயதாக இருக்கும் என்று கொள்ளுதல் அதே ஒளிவட்ட மயக்கம். பிறமொழி கலந்து பேசுவான் ஒருவனை, அவன் தொழில் திறனைப் பாராமலே தள்ளுதலும் அதே முறைகேடு. ஆங்கிலத்தால் தமிழனைத் தள்ளும் அநியாயத்தை எதிர்க்கும் நாம், தமிழால் தமிழனைத் தள்ளும் முறையின்மையைச் செய்துவிடலாகாது. மொழிப்பணிக்கு மொழியைப் பாருங்கள். கணக்குப் பணிக்குக் கணக்கைப் பாருங்கள். நடுநிலைமை என்பது நமக்கு வேண்டியவரிடத்தும் வளையாத கோல்.

இளைஞர்க்கும் ஒரு சொல். ஓர் அறையில் பத்து மணித்துளிகளில் ஒருவர் உங்களைப் பற்றி எழுதியது உங்கள் அளவு அன்று. அவர் கண்ணின் அளவு. அதனைத் தலைமேற் சுமந்து கொண்டு ஊர் திரும்பாதீர்கள். என்ன கேட்டனர், எவ்வளவு நேரம் கேட்டனர், பணிக்குத் தொடர்பற்றது எது என்பதையெல்லாம் எழுதி வையுங்கள். கரணியம் கேளுங்கள். கூடிக் கேளுங்கள். ஒருவர் கேட்டால் மனக்குறை. நூற்றுவர் கேட்டால் கணக்கு. முறைகள் மாறியது எல்லாம் கணக்குக் கேட்டவர்களால்தான்.

தேர்வு என்பது இருபுறமும் நடப்பது. தேர்ந்தெடுக்கப்பட வந்தவன் ஒருவன் மட்டும் அவ்வறையில் தேர்வு எழுதுவதில்லை. எதிரே அமர்ந்து மதிப்பெண் இடும் கண்ணும் அப்போது தன் தேர்வை எழுதிக் கொண்டிருக்கின்றது. அத்தாளைத் திருத்தும் முறையை உருவாக்குவதே நம் முன் உள்ள பணி.